மச்சான் பிடித்த கயிறு

இப்போதெல்லாம் யாருக்கும் ஒழுங்காகச் சண்டை போடத் தெரியவில்லை என்பது ஹென்றியின் பெரிய குறை. அவர் வயசில் ஒருத்தன் மேல் கோபம் என்றால் கடற்கரையில் நின்று நாலு பேர் கேட்க ஏசுவான். கை நீளும், சட்டை கிழியும், சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். காரியம் முடிந்தது. இப்போது கோபம் வந்தால் போனில் இருந்து பெயரை அழிக்கிறான். துக்கம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறான். அப்புறம் அந்தக் கதவைத் திறக்க ஒரு ஆள் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்கு ஒரு அறை, ஒரு காற்றாடி, மேஜைமேல் மூக்குத் துடைக்கிற காகிதம் ஒரு டப்பா.

அந்த அறை திரேஸ்புரத்தில் கோயிலுக்குப் பின்னால், முன்பு மறைக்கல்வி வகுப்பு நடந்த இடத்தில் இருந்தது. அந்த ஆள், கடல் இல்லாத நாசரேத் ஊரிலிருந்து வந்த ஜெப்ஸி. முப்பத்தைந்து வயதிருக்கும். வேதாகமமும் படித்தவள், மனசு வைத்தியமும் படித்தவள், இரண்டையும் சேர்த்து ஆலோசனை சொல்வாள் என்று பங்குச் சாமியார் பூசை முடிவில் அறிவித்திருந்தார். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்று ஹென்றிக்குப் பிடிபடவில்லை. டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றினால் எஞ்சின் இருமும். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். போதாததற்கு, அவள் மாதாவைக் கும்பிடாத சபை.

அவளிடம்தான் அவருடைய மகன் ஃபிராங்க்ளின் புதன்கிழமைதோறும் போய்வந்தான்.

ஃபிராங்க்ளின் சங்கு குளிக்கிறவன். ஒரு நாளில் மற்றவன் பத்து எடுத்தால் இவன் பதினைந்து எடுப்பான். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், எட்டு பாகம், அதாவது ஐம்பது அடி ஆழத்தில் இருந்தபோது அவன் வாயில் இருந்த குழாயில் காற்று நின்றுபோனது. மேலே வள்ளத்தில் காற்று அடிக்கிற கம்ப்ரஸர் திக்கியதா, குழாய் மடங்கியதா என்று யாருக்கும் தெரியவில்லை. எப்படியோ தானே மேலே வந்துவிட்டான். மூக்கிலும் வாயிலும் ரத்தம். அன்றைக்கு ஹென்றி கரையில் இருந்தார். அதற்குப் பிறகு பத்து மாதமாக அவன் கடலில் கால் நனைக்கவில்லை. கேட்டால் காது வலி என்பான். காதில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். கடைசியில், மீன் குளிர வைக்கிற கிடங்கு ஒன்றில் காவல் வேலைக்கு எழுதிக் கொடுத்திருந்தான். மார்ச் ஒன்றாம் தேதி சேரவேண்டும். நீலச் சட்டை தைக்க அளவு கூடக் கொடுத்தாயிற்று. அதற்குள் அவன் கடலில் இறங்கவில்லை என்றால் அப்புறம் இறங்கப்போவதில்லை. சாகிறவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடுவான். ஹென்றிக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, அந்த அறையில் அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று பார்த்துவிடுவோமென்று ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். பேச்சே இல்லை. காற்றாடிச் சத்தம் மட்டும். பத்து நிமிஷம் பொறுத்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"என்ன நடக்கு இங்கன? ரெண்டு பேரும் மரம் மாதிரி உக்காந்திருக்கீய."

ஃபிராங்க்ளின் தலையைத் தாழ்த்திக்கொண்டான். ஜெப்ஸி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. பேசாம இருக்கதும் இங்க வேலைதான்."

"அதுக்கு அவன் வீட்லயே இருக்கலாமே. பத்து மாசமா அந்த வேலையத்தான நல்லா பாக்கான்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுவே ஹென்றிக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்க வள்ளம் சனிக்கிழமை சும்மா இருக்குமா அண்ணாச்சி? அவரு கடல்ல இறங்கிப் பாக்கணும்னு சொல்லுதாரு. நானும் கூட வாரேன்."

ஹென்றி மகனைப் பார்த்தார். "மெய்யாவாலே?"

"ஆமாப்பா."

அவருக்கு நெஞ்சு குதித்தது. முகத்தில் காட்டாமல் இருக்கப் படாதபாடு பட்டார். வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிக்கணும், எஞ்சினுக்கு வேலை இருக்கு என்று முணுமுணுத்துவிட்டு, சரி என்றார்.

"கயிறு நீங்கதான பிடிப்பீங்க?" என்று ஜெப்ஸி கேட்டாள்.

ஹென்றி சிரித்துவிட்டார். நாசரேத்துக்காரிக்கு என்ன தெரியும். குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு உண்டு, மறுமுனை வள்ளத்தில் ஒருத்தன் கையில். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் நலம். இரண்டு வந்தால் தூக்கு. மூன்று வந்தால் பையை இறக்கு. முத்துக் குளித்த காலத்திலிருந்தே அந்தக் கயிறு பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன் கையில்தான் இருக்கும். தங்கச்சி தாலி அறுக்க அவன் விடமாட்டான். தகப்பன் தொடக்கூடாது. சும்மா கிடக்கிற கயிறும் தகப்பன் கைக்கு இழுக்கிற மாதிரியே இருக்கும். பதறிப் பாதியில் தூக்கிவிடுவான், குளிக்கிறவனுக்குக் காதும் நெஞ்சும் கெட்டுப்போகும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிவிட்டு முடித்தார்: "மச்சான்தான் பிடிக்கணும். இவனுக்கு ஜோன்ஸ் இருக்கான்."

ஃபிராங்க்ளின் தன் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டான். ஜெப்ஸி அவனை மட்டும் பார்த்தாள்.

"வேண்டாம்னா வேண்டாம். நீங்க சொல்லுங்க."

வெளியே ஒரு மீன்வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போகிறவரை அவன் ஜன்னலையே பார்த்தான். பிறகு, "ஜோன்ஸ் மச்சானே பிடிக்கட்டும்" என்றான்.

இதற்கு என்ன இவ்வளவு யோசனை என்று ஹென்றிக்கு விளங்கவில்லை. அவருக்கு வேறொரு சந்தோஷம் இருந்தது. வள்ளம் கரையை விட்டு நாலு மைல் தாண்டட்டும், இவளுடைய படிப்பெல்லாம் வாய் வழியாக வெளியே வந்துவிடும்.

வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வள்ளம் புறப்பட்டது. துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி, நிலக்கரிக் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போகும்போதே ஜெப்ஸி ஓரத்தில் குனிந்துவிட்டாள். எஞ்சின் பிடித்திருந்த ஹென்றிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஜெபம் பண்ணுங்க, நின்னுரும்."

"பண்ணிக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி. மாத்திரையும் போட்டிருக்கேன். நமக்கு ரெண்டும் சேத்துத்தான் வழக்கம்."

"ரெண்டும் கேக்கலியே."

"கேக்கும்," என்றவள் மறுபடி குனிந்தாள்.

ஜோன்ஸ் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்திருந்தான். ஃபிராங்க்ளினின் மனைவி ஏஞ்சலினுக்கு மூத்த அண்ணன். நாற்பது வயது, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, கோயிலில் முதல் ஆளாக முழங்கால் போடுகிறவன். வழியெல்லாம் தங்கை புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனும் இவனைப் பார்க்கவில்லை. ஏஞ்சலின் கொடுத்துவிட்ட சோற்றுப் பொட்டலங்கள் ஒயர் கூடையோடு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தன.

பதினோரு மணிக்கு ஐந்து பாகம் தண்ணீரில் நங்கூரக் கல்லைப் போட்டு நிறுத்தினார்கள். வாடைக்காற்று ஓய்ந்திருந்தது. அடியில் கிடந்த மணல் மேட்டின் வரி கூடத் தெரிந்தது. ஃபிராங்க்ளின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான், கண்ணாடியை மாட்டினான், கழற்றினான், ஓரத்தில் உட்கார்ந்தான். தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின. குதிலே என்று கத்த ஹென்றிக்கு நாக்கு துடித்தது.

ஜெப்ஸி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஃபிராங்க்ளின், எங்கிட்ட சொன்னத இங்க சொல்லணும்னா சொல்லுங்க. சொல்லாமலும் இறங்கலாம். இறங்காமலும் திரும்பலாம்."

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினான்.

"மச்சான். அன்னைக்கு நான் ரெண்டு இழுப்பு இழுத்தேன். நாலு தடவ இழுத்தேன்."

ஹென்றி எஞ்சின் கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்தார். கயிறு பிடித்தவன் ஜோன்ஸ்தான் என்று அவருக்குத் தெரியும். இழுத்தும் தூக்கவில்லை என்பது இப்போதுதான் காதில் விழுகிறது.

ஜோன்ஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "தெரியும் மாப்ள. பன்னெண்டு மணி. போன்ல ஜெப மணி அடிச்சுது. கயித்தப் பலகையில ஒரு சுத்து சுத்திவச்சுட்டு, எந்திரிச்சு நின்னு கை கூப்புனேன். கண்ண மூடியிருந்தேன். திரிகால ஜெபம் முடிச்சுக் குனிஞ்சா கயிறு தொய்ஞ்சு கெடக்கு. நீ அந்தப் பக்கம் ரத்தத்தோட மெதக்குத."



ஜோன்ஸ் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தால் மிதிக்கலாம். எவளோடாவது போனில் கொஞ்சியிருந்தால் போனைக் கடலில் எறியலாம். இவன் ஜெபம் பண்ணியிருக்கிறான். இதைக் கொண்டுபோய் எவனிடம் சொல்வது? நீ மாதாவைக் கும்பிட்டதால் நான் சாகப் பார்த்தேன் என்று இந்தக் கரையில் எவன் வாயால் சொல்ல முடியும்? மகன் பத்து மாதமாகக் காதைப் பிடித்துக்கொண்டு அலைந்தது எதற்கென்று அவருக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் துடுப்பைத் தூக்கிவிட்டார்.

"ஏலே கூறுகெட்டவனே. எந்திரிச்சு நின்னு கும்பிடுன்னு மாதா ஒன்ட்ட கேட்டாளா? எம் மவன் உசுரு ஒன் கையில இருக்கும்போது கையக் கூப்புதியா?"

"அடிங்க மாமா." ஜோன்ஸ் நகரவில்லை. "பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஜெபம் பண்ணது பாவமில்லன்னு சாமியாரு திருப்பி அனுப்பிட்டாரு. பாவமில்லன்னா எதுக்கு மன்னிப்பு கேக்க? எங்க எறக்கி வைக்கன்னு தெரியாமத்தான் இவுங்ககிட்ட போறேன். செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை."

ஃபிராங்க்ளின் முதல் தடவையாகத் திரும்பினான். "செவ்வாக்கிழமையா?"

"ஆறு மாசமா."

"நான் புதன்."

இருவரும் ஒரே நேரத்தில் ஜெப்ஸியைப் பார்த்தார்கள். அவள் தலை வள்ளத்துக்கு வெளியே இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். ஃபிராங்க்ளினுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. ஜோன்ஸும் சிரித்தான், சிரிப்போடு அழுகையும் வந்து மூக்கு ஒழுகியது. துடுப்பைத் தூக்கிக்கொண்டு நின்ற ஹென்றிக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஏளா, ரெண்டு பேரு சொன்னதையும் வயித்துல வச்சுக்கிட்டு வாயத் தெறக்காம இருந்திருக்கியே. நீ என்ன மனுசி?"

"இவரு சொன்னத அவருகிட்ட சொல்ல எனக்கு உரிமை கிடையாது அண்ணாச்சி. இவங்களா ஒரே வள்ளத்துல ஏறணும்னு காத்துக் கெடந்தேன். அதுக்குத்தான் என் ஜெபமும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கன்னத்துல ஒரே அறையில முடிச்சிருப்பேன்."

"பத்து மாசமா ஏசிப் பாத்தீங்களே, முடிஞ்சுதா?"

ஜோன்ஸ் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். ஹென்றி துடுப்பைக் கீழே போட்டார்.

ஜெப்ஸி மணியைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ஜோன்ஸ் அவசரமாகப் போனை எடுத்து, "அணைச்சுப் போடுதேன்" என்றான்.

"வேண்டாம். அடிக்கட்டும். நீங்களும் ஜெபம் பண்ணுங்க, கயிறும் கையில இருக்கட்டும். எங்க சபையில திரிகால ஜெபம் கெடையாது, எனக்குத் தெரியாது. அதுல அருள் நிறைந்த மந்திரம் எத்தன தடவ வரும்?"

"மூணு."

"ஒவ்வொண்ணும் முடிஞ்ச ஒடனே கயித்த ஒரு இழுப்பு இழுங்க. கீழயிருந்து அவரு ஒரு இழுப்பு இழுப்பாரு. மேல நடக்குற ஜெபம் அவருக்கும் போய்ச் சேரட்டும்."

"உக்காந்துக்கிட்டேவா? கை கூப்பாமலா?" ஜோன்ஸ் திணறினான்.

அவள் ஹென்றி பக்கம் திரும்பினாள். "இத நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி. மாதா கோவிச்சுக்குவாங்களா?"

எழுபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. சாமியார்கள் சொல்லுவார்கள், இவர் கேட்டுக்கொள்வார், அதுதான் நடைமுறை.

"கோவிச்சா எங்கிட்ட வரச் சொல்லு," என்றார்.

ஃபிராங்க்ளின் சிலுவை போட்டுக்கொண்டு குழாயை வாயில் கவ்வினான். ஒரு கணம் உட்கார்ந்தே இருந்தான். அடுத்த கணம் அவன் இருந்த இடம் காலி. தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது.

ஹென்றி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மகனின் உள்ளங்கால் இரண்டும் வெளுப்பாகத் தெரிந்தன, சின்னதாயின, உச்சி வெயில் பளபளப்பில் மறைந்தன. குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்து உடைந்தன. காது முழுக்கக் கம்ப்ரஸர் சத்தம். அது ஒரு துடிப்பு தவறினாலும் குதிப்பதற்குச் சட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டார். கயிறு ஜோன்ஸின் விரல்கள் வழியாக இறங்கிக்கொண்டே போய் நின்றது. ஒரு இழுப்பு வந்தது. அடி தொட்டுவிட்டான்.

போன் மணி அடித்தது.

ஜோன்ஸ் உட்கார்ந்தபடியே, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தமாக ஆரம்பித்தான். குரல் நடுங்கியது. முதல் மந்திரம் முடிந்தது. இழுத்தான். கீழிருந்து சுண்டி ஒரு இழுப்பு. ஹென்றி தன்னை அறியாமல் தொடையில் தட்டினார். இரண்டாவது மந்திரம். இழுத்தான். பதில் வந்தது, முன்னைவிட பலமாக. ஜோன்ஸின் குரல் நிமிர்ந்தது. ஜெப்ஸி உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றையே பார்த்தாள். மூன்றாவது மந்திரம். இழுத்தான்.

பதில் இல்லை.

மறுபடி இழுத்தான். ஒன்றுமில்லை.

ஹென்றி பாய்ந்து கயிற்றில் கை வைத்துவிட்டார்.

"மாமா, கைய எடுங்க."

"ஏலே, எம் மவன்லே."

"எந் தங்கச்சி புருசன். கைய எடுங்கன்னா." ஜோன்ஸ் முழங்கையால் அவர் மார்பில் ஒரு தள்ளு தள்ளினான். பதினாலு வருஷச் சம்பந்தத்தில் அவன் அவர் முன்னால் உரக்கப் பேசியது கூடக் கிடையாது. "கயிறு வெரப்பா இருக்கு. நகருது. நடக்கான் மாமா, எங் கைக்குத் தெரியுது. குமிழியப் பாருங்க."

ஜெப்ஸி பின்னாலிருந்து ஹென்றியின் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் பார்த்தார். குமிழிகள் கிழக்கே பத்து முழம் தள்ளி உடைந்துகொண்டிருந்தன. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில் தண்ணீரைப் பார்க்க மறந்திருந்தார். இன்னும் இரண்டு முழம் தள்ளி. இன்னும் ஒன்று. நின்றன.

கயிறு துள்ளியது. ஒன்று. இரண்டு. தூக்கப்போன ஜோன்ஸ் ஒரு மூச்சு பொறுத்தான். மூன்று.

"பை," என்றான் ஜோன்ஸ். "மாமா, பை கேக்கான். அவன் பை கேக்கான்."

பை இல்லை. அவன் இறங்குவானா என்பதே சந்தேகமாக இருக்கும்போது எவன் பை கொண்டுவந்தான்? ஹென்றி சுற்றுமுற்றும் பார்த்தார். ஏஞ்சலினின் ஒயர் கூடையைத் தூக்கி, சோற்றுப் பொட்டலங்களைப் பலகையில் தட்டினார். ஒன்று பிரிந்து மீன் குழம்பு அவர் காலில் வழிந்தது. கூடைக்குள் ஒரு இரும்புத் துண்டைப் போட்டு, கைப்பிடியில் கயிறு கட்டி, வேறு யாரையும் தொட விடாமல் தானே கிழக்கே வீசி இறக்கினார். கூடை போய்ச் சேர்ந்தது. பாரம் ஏறியது. இழுக்க இழுக்கக் கை எரிந்தது.

கூடை நிறையச் சங்கு. பாசியும் மணலுமாகப் பதினொன்று. ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத பருமன். ஹென்றி வாய்விட்டு எண்ணினார், நம்பாமல் மறுபடி எண்ணினார், ஒன்றை எடுத்து ஜெப்ஸியின் மடியில் வைத்தார். அது மெல்ல அசைந்ததும் அவள் அலறிக்கொண்டு காலைத் தூக்கினாள். வள்ளமே ஆடுகிற மாதிரி மூன்று பேரும் சிரித்தார்கள்.

கூடை நாலு தடவை இறங்கி ஏறியது. அப்புறம் இரண்டு இழுப்பு வந்தது. ஜோன்ஸ் அளந்து அளந்து, அவசரமில்லாமல் தூக்கினான். ஃபிராங்க்ளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குழாயைத் துப்பினான்.

"வரிசையா கெடக்கு மச்சான். கால் வைக்க எடமில்ல."

"மூணாவதுக்கு ஏன் மாப்ள பதில் தரல? உசுரு போயிட்டு எனக்கு."

"ரெண்டு கையிலயும் சங்கு. எந்தக் கையால இழுக்க?" மூச்சு வாங்கச் சிரித்தான். "கூடையில சோத்துப் பருக்கை ஒட்டியிருந்துச்சே, யாரு பாத்த வேல?"

கரைக்கு வந்தபோது மணி மூன்று. ஏஞ்சலின் காத்திருந்தாள். கூடையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்ததே போதும் என்பதுபோல அண்ணனின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீலச் சட்டைக்கு என்ன பதில் சொல்ல என்று ஃபிராங்க்ளினிடம் கேட்டாள். திங்கட்கிழமை போன் போட்டு வேண்டாம்னு சொல்லிருதேன் என்றான் அவன்.

ஜெப்ஸி முழங்கால் நனைய இறங்கி வந்து மணலில் உட்கார்ந்தாள். ஹென்றி டீசல் கேனை எடுக்கக் குனிந்தார்.

"அண்ணாச்சி, அடுத்த சனிக்கிழமையும் வள்ளம் வேணும். ஒரு நாள் எறங்கினதுல எல்லாம் சரியாயிராது. திரும்பவும் நடுக்கம் வரும்."

"அது ஏன் வரப்போவுது? தண்ணி தெளிவா இருந்துச்சு, சங்கு கண்ணுல பட்டுச்சு, ஆசை வந்துட்டு. அவ்வளவுதான் விஷயம். கலங்கலா இருந்திருந்தா நீயும் ஒன் படிப்பும் என்ன கிழிச்சிருப்பீய?"

"இருக்கலாம் அண்ணாச்சி," என்றாள் அவள். மறுத்துப் பேசியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். "நீங்களும் ஒரு நாள் அறைக்கு வாங்களேன்."

"எனக்கு என்ன கேடு?"

"கயித்துல கை வச்சீங்கல்லா. அதப் பத்திப் பேசலாம்."

"தகப்பன் கை அப்படித்தான் இருக்கும். அதுல பேச என்ன இருக்கு?"

கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் சங்கைத் தரம் பிரிக்கிற சத்தமும், யார் மந்திரத்தைத் தப்பாகச் சொன்னது என்று மச்சான்கள் இருவரும் வழக்கடிக்கிற சத்தமும் கேட்டன. எதிரே வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "மவன் எறங்கிட்டானாமே அண்ணாச்சி" என்றான்.

"தண்ணி தெளிவு," என்றார் ஹென்றி. நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், வீட்டுப் பக்கம் நடந்தார்.